ஒன்றும் அதுவும்: ஆங்கிலச் சிறுசொற்களும் தமிழ்க் கவிதையும்



தமிழ் இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவு காணும் வேளையில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கான விடை கவிஞர்களின் கையெழுத்துப் படிகளிலேயே இருக்கிறது. தாம் எழுதிய கவிதையைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்க்கும் வழக்கம் தமிழ்க் கவிஞரிடையே வேரூன்றிவிட்டது. அவ்வாறு பெயர்க்கும்போது அவர்கள் அரிய சொற்களில் தடுமாறுவதில்லை. அங்கே அகராதி கைகொடுத்துவிடுகிறது. தடுமாற்றம் நேர்வது, அகராதி உதவ முடியாத மூன்று சிறு சொற்களில். 'எ', 'ஆன்', 'தி' என்பன அவை. ஆங்கில இலக்கணத்தார் இவற்றை ஆர்ட்டிகிள் என்பர். முதலிரண்டும் பொருளை வரையறுக்காமல் அறிமுகம் செய்வன. மூன்றாவது, வரையறுத்துச் சுட்டுவது.

"இவை தமிழில் இல்லை, ஆகையால் தமிழர்க்கு வாரா" என்பது பரவலாக வழங்கும் சமாதானம். அதன் முற்பாதி உண்மை. வடமொழியிலும் இலத்தீனிலும் ரஷிய, சீன, ஜப்பானிய மொழிகளிலும்கூட இவை இல்லை. பிற்பாதியோ ஏற்கத்தக்கதன்று. இச்சொற்கள் செய்யும் பணியைத் தமிழ் வேறு உறுப்புகளைக் கொண்டு செய்துவருகிறது. தன் மொழி அதனை எங்கே வைத்திருக்கிறது என்று உணர்ந்த தமிழர்க்கு ஆங்கிலத்தின் வழி எளிதில் புலப்படும்.

கேட்போர் நிற்கும் இடம்

"ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான். அந்த அரசனுக்கு ஒரு மகள்." தமிழ்க் குழந்தை எதுவும் இவ்வமைப்பை இலக்கண நூலில் கற்பதில்லை. அரசன் முதன்முறை வரும்போது 'ஓர்' பெறுகிறான். மறுமுறை வரும்போது 'அந்த' பெறுகிறான். இடையில் அரசன் மாறவில்லை. கேட்கும் குழந்தை மாறியிருக்கிறது. முதற்றொடருக்கு முன் அவனை அறியாதிருந்த குழந்தை, இப்போது அறிந்திருக்கிறது.

ஆங்கிலச் சிறுசொற்களின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கும். அவை பெயர்ச்சொல்லின் இயல்பைக் கூறுவதைக் காட்டிலும், அப்பெயரால் குறிக்கப்படும் பொருளைக் கேட்போர் இன்னதென்று அடையாளம் காண இயலுமா என்பதைப் பற்றிய பேசுவோரின் கணிப்பையே கூறுகின்றன. இயலும் எனில் 'தி'. இயலாது எனில் 'எ' அல்லது 'ஆன்'. தவறாக ஆளும்போது கேட்போரைத் தவறாக அளக்கிறோம். அவர் அறியாததை அறிந்ததாகவும், அறிந்ததை அறியாததாகவும் கொண்டுவிடுகிறோம்.

பிறப்பு

இச்சொற்களின் பிறப்பும் பாட்டி கதையின் வழியையே காட்டுகிறது. 'ஆன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' எனப் பொருள்பட்ட எண்ணுப்பெயரின் தேய்ந்த வடிவம். 'தி' என்பது 'அந்த' எனப் பொருள்பட்ட பழைய சுட்டின் தேய்ந்த வடிவம். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் இதே வரலாறு நிகழ்ந்தது. சுட்டி வரையறுக்கும் சொல் இல்லாத இலத்தீனின் வழிவந்த அம்மொழிகள், இலத்தீனின் சேய்மைச் சுட்டிலிருந்தும் 'ஒன்று' என்னும் எண்ணிலிருந்தும் தமக்கு வேண்டிய சிறுசொற்களை ஆக்கிக்கொண்டன. ஒன்று, அது என்னும் இரு வித்துகளும் தமிழிலும் உண்டு. அங்கே அவை கட்டாய இலக்கணமாகிவிட்டன. இங்கே தேவை நோக்கி ஆளும் சொற்களாக நிற்கின்றன. வேற்றுமை இவ்வளவே.

'எ' எங்கே, 'ஆன்' எங்கே என்னும் ஐயத்தைத் தமிழர் கொள்ள வேண்டியதே இல்லை. உயிர்முதற் சொல்லுக்கு முன் 'ஓர்', உயிர்மெய்முதற் சொல்லுக்கு முன் 'ஒரு' என்று எழுதப் பழகிய கைக்கு இது புதிதன்று. ஓர் ஊர், ஒரு மகள் என்பது போலவே ஆன் ஆப்பிள், எ மேங்கோ. கருத வேண்டியது ஒலியையே, எழுத்தை அன்று. 'யுனிவர்சிட்டி' என்னும் சொல் ஆங்கில உயிரெழுத்தில் தொடங்கினும் யகர ஒலியோடு பிறப்பதால் 'எ' பெறும். 'அவர்' என ஒலிக்கும் மணிப்பொழுதைக் குறிக்கும் சொல் மெய்யெழுத்தில் தொடங்கினும் அம்மெய் ஒலியாமையால் 'ஆன்' பெறும். 'எம்.ஏ.' பட்டமும் எகர ஒலியில் தொடங்குவதால் 'ஆன்' பெறும்.

இச்சொற்கள் தம்மை அடுத்த பெயரோடு ஒட்டி, அதன் உருவையே மாற்றியதும் உண்டு. சமையலறை மேலாடையைக் குறிக்கும் 'ஏப்ரன்' முன்னாளில் 'நேப்ரன்' என இருந்தது. 'எ நேப்ரன்' என்பதை மக்கள் 'ஆன் ஏப்ரன்' எனப் பிரித்துக் கேட்டனர். நகரம் இடம் பெயர்ந்தது. பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' இதற்கு மாறாக, 'ஆன்' என்பதன் நகரத்தைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. ஆரஞ்சும் இவ்வரிசையில் எண்ணத்தக்கது. திராவிட மூலம் உடையதென ஆய்வாளர் பலர் கருதும் அச்சொல், பாரசீகத்திலும் அரபியிலும் ஸ்பானியத்திலும் நகர முதலோடு வழங்குகிறது. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முன்னின்ற சிறுசொல்லோடு மயங்கி நகரத்தை இழந்தது என்பர். ஆங்கிலம் அதனை நகரம் இழந்த உருவிலேயே பெற்றது. நாரத்தையின் நகரம் நம் நாவில் இன்றும் இருக்கிறது.

தமிழின் நான்கு கருவிகள்

கேட்போரின் அறிவை அளந்து பேசத் தமிழ் கையாளும் கருவிகள் நான்கு. 'ஒரு' என்னும் எண்ணடையும் 'அந்த' என்னும் சுட்டும் முன்னரே கூறப்பட்டன. மூன்றாவது, இரண்டாம் வேற்றுமை உருபு. "மாடு வாங்கப் போனான்" என்றால் சந்தையில் எந்த மாடு அமையும் என்று அவனுக்கே தெரியாது. "மாட்டை வாங்கப் போனான்" என்றால் அது முன்பே பார்த்து விலை பேசி வைத்த மாடு. "பெண் பார்க்கப் போனார்கள்" என்பதற்கும் "பெண்ணைப் பார்க்கப் போனார்கள்" என்பதற்கும் உள்ள தொலைவைத் தமிழ் வீடு ஒவ்வொன்றும் அறியும். ஆங்கிலம் 'எ', 'தி' என்று இரு சொல்லால் செய்வதைத் தமிழ், ஐகாரம் தொக்கும் விரிந்தும் நிற்பதால் செய்துவிடுகிறது.

நான்காவது, சொற்கள் நிற்கும் ஒழுங்கு. "மேசையில் புத்தகம் இருக்கிறது" என்பது புத்தகத்தைப் புதிதாக அறிவிக்கிறது. "புத்தகம் மேசையில் இருக்கிறது" என்பது அறிந்த புத்தகத்தின் இருப்பிடத்தை அறிவிக்கிறது. முன்னதற்கு ஆங்கிலத்தில் 'எ புக்'. பின்னதற்கு 'தி புக்'. சொற்கள் அவையே, இடம் மாறியது, பொருள் மாறியது.

தொல்காப்பியர் இவ்வளவைக் கண்டு விதியே வகுத்திருக்கிறார். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வருங்கால் இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வரவேண்டும் என்பது கிளவியாக்கத்து நூற்பா ஒன்றின் கருத்து. சாத்தன் வந்தான் என்று கூறிய பின்னரே 'அவன்' எனல் வேண்டும். அறிமுகம் முன், சுட்டு பின். இதனை அடுத்துவரும் நூற்பா கவிஞர்கள் நெஞ்சில் நிறுத்தத்தக்கது. சுட்டுப்பெயர் முற்பட வருதல் செய்யுளுக்கு உரியது என்கிறது அது. உலக வழக்கில் பிழையாவது கவிதைக்கு உரிமையாகிறது. 'அவன்' என்று கவிஞர் தொடங்கும்போது, யார் என்று அறியாத வாசகர் அறிந்தவராகவே கதைக்குள் இழுக்கப்படுகிறார்.

ஆங்கிலப் படைப்பாளரும் இவ்வுரிமையைத் தாமாகவே கண்டடைந்தனர். தமிழில் 'கடலும் கிழவனும்' என அறியப்பட்ட ஹெமிங்வேயின் 1952ஆம் ஆண்டுக் குறுநாவலின் ஆங்கிலத் தலைப்பில் கிழவனுக்கும் கடலுக்கும் தனித்தனியே 'தி' உண்டு. முதல் தொடரோ கிழவனின் பெயரைச் சொல்லாமல் 'அவன்' என்னும் சுட்டில் தொடங்கி, அவனை 'ஆன்' கொண்டு அறிமுகம் செய்கிறது. தலைப்பில் அறிந்தவன், முதல் தொடரில் அறியாதவனாகி, நூலின் முடிவில் மீண்டும் அறிந்தவனாகிறான்.

வழுவும் திருத்தமும்

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி நேரும் வழுக்களைத் தொகுத்துக் காண்பது பயன் தரும்.

எண்ணத்தக்க பொருளின் ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் தனித்து நிற்பது அரிது. "அவர் ஆசிரியர்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "ஹீ இஸ் டீச்சர்" என்பது வழு. "ஹீ இஸ் எ டீச்சர்" என்பதே முறை. 'எ' இல்லையெனில் 'தி', 'மை', 'திஸ்' போன்ற ஒன்றேனும் முன் நிற்க வேண்டும்.

எண்ணத்தகாத பெயர்கள் 'எ' ஏற்பதில்லை. நீரும் அரிசியும் அவ்வாறாதல் எளிதில் விளங்கும். ஆங்கிலேயர் அறிவுரையையும் செய்தித் தகவலையும் அறைகலனையும்கூட எண்ணாப் பொருளாகவே கொள்வதால் 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றுக்கு முன் 'எ' வாராது.

பண்புப்பெயர்களில் கவிஞர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. காதலையும் மரணத்தையும் பொதுவாகப் பாடும்போது 'லவ்', 'டெத்' என்று வாளா நிற்க வேண்டும். பெருமிதம் சேர்ப்பதாக எண்ணி 'தி லவ்', 'தி டெத்' எனின், எந்தக் காதல், யாருடைய மரணம் என்று ஆங்கில வாசகர் தேடத் தொடங்குவார். இன்னாருடையது என்று பின்னர் விளக்கம் வரும்போதே 'தி' பொருந்தும்.

ஞாயிறும் திங்களும் உலகறிந்த ஒற்றைப் பொருள்கள். ஆகவே 'தி' பெறும். ஆனால் முழுநிலாவை ஒரு தோற்றமாகக் கண்டு பாடினால் 'எ ஃபுல் மூன்' எனலாம். திங்கள் ஒன்றாயினும் அதன் தோற்றங்கள் பல.

ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பெரும்பாலும் வெறுமனே வரும். ஆறும் கடலும் மலைத்தொடரும் 'தி' பெறும். தனி மலையுச்சியும் ஏரியும் பெறுவதில்லை. நாட்டுப்பெயரில் இது அரசியலும் ஆகும். உக்ரைனை முன்னர்த் 'தி' சேர்த்து வழங்கிய ஆங்கில ஏடுகள், 1991இல் அது தனிநாடான பின்னர் அச்சொல்லைக் கைவிட்டன. ஏதோ ஒரு பெருநாட்டின் பகுதி என்னும் தோற்றத்தை அச்சிறுசொல் தருகிறது என்பது உக்ரைனியர் முறையீடு. அவர்களுடைய மொழியில் அப்படியொரு சொல்லே இல்லை என்பது கருதத்தக்கது.

'ஃப்யூ' என்றால் 'மிகச் சிலரே' என்னும் ஏமாற்றம்; 'எ ஃப்யூ' என்றால் 'சிலரேனும் உளர்' என்னும் ஆறுதல். கவியரங்கிற்கு வந்தோரைப் பற்றி எழுதும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

சிறுசொல்லின் விலை

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்போர்க்கு இரு நிகழ்ச்சிகள் விடை கூறும். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை 1967 நவம்பர் 22 அன்று 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஜூன் மாதப் போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகுதல் அதன் கூறுகளுள் ஒன்று. ஆங்கில வாசகத்தில் 'நிலப்பகுதிகள்' என்பதற்கு முன் 'தி' இல்லை. இல்லாமையால், அனைத்து நிலத்திலிருந்தும் என்று பொருளாகாது என ஒரு தரப்பார் வாதிட்டனர். பிரெஞ்சு வாசகத்தில் வரையறுக்கும் சொல் உண்டு என்பதையும், போரால் நிலம் கொள்ளுதல் ஏற்கத்தக்கதன்று என்னும் முகப்புரையையும் மறுதரப்பார் எடுத்துக்காட்டினர். நிலத்தையும் உயிரையும் பற்றிய பெருவழக்கில், அமையாத ஒரு சொல் சான்றாக நின்றது.

மற்றொன்று 1969 ஜூலையில் நிலவில் நிகழ்ந்தது. அங்கே கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங், தம் அடி ஒரு தனி மனிதனின் சிற்றடி, மனிதகுலத்தின் பெரும் பாய்ச்சல் என்று கூற நினைத்தார். உலகம் கேட்டதில் மனிதனுக்கு முன் 'எ' இல்லை. ஆங்கிலத்தில் 'மேன்' என்பது முன்சொல் இன்றி வந்தால் மனித இனத்தையே குறிக்கும். அதனால் சிற்றடியும் மனித இனத்தினது, பாய்ச்சலும் மனித இனத்தினது என முரண் உருக்குலைந்தது. தாம் அதைச் சொல்லவே எண்ணியதாக அவர் விளக்கினார். ஒலிப்பதிவைப் பிற்காலத்தார் பலமுறை ஆராய்ந்தும் வழக்கு முற்றாகத் தீரவில்லை.

இரு அடிகளின் சோதனை

இனி மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு வரலாம். எடுத்துக்காட்டுக்கென அமைத்த இரு அடிகள்:

முற்றத்து வேம்பில் காகம் கரைகிறது.
தாய் வாசலைப் பார்க்கிறாள்.

இதில் பெயர்கள் ஐந்து: முற்றம், வேம்பு, காகம், தாய், வாசல். தமிழ் எதைப் பற்றியும் முன்சொல் கூறவில்லை. ஆங்கிலம் ஐந்துக்கும் விடை கேட்கும். வாசலுக்கு ஐகாரமே விடை தருகிறது. அது அவள் வீட்டு வாசல், ஆகவே 'தி'. முற்றமும் அவ்வாறே. வேம்பு ஒன்றே ஆயின் 'தி'; பலவற்றுள் ஒன்றாயின் 'எ'. காகத்தில்தான் கவிதை பிரிகிறது. 'எ க்ரோ' எனின் எங்கிருந்தோ வந்த காகம், விருந்து வரும் செய்தியைக் கொணர்ந்தது. 'தி க்ரோ' எனின் நாள்தோறும் அவள் சோறிட்டு அழைக்கும் காகம், அன்றும் கரைகிறது. முன்னதில் அவள் பார்வையில் எதிர்பார்ப்பு. பின்னதில் நெடுநாள் காத்திருப்பின் களைப்பு. தாய்க்கும் இவ்வாறே. 'எ மதர்' என்றால் யாரோ ஒரு தாய், படம் பார்ப்பது போல் தொலைவில் நிற்கிறாள். 'தி மதர்' என்றால் வாசகர் அவ்வீட்டில் முன்பே நுழைந்துவிட்டார். 'மதர்' என்று மட்டும் நின்றால் பேசுவது பிள்ளை.

தமிழ் அடிகள் இப்பொருள்கள் அனைத்தையும் தாங்கி நின்றன. ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேராமல் கைபோன போக்கில் இட்டால், கவிஞர் எழுதாத வேறொரு கவிதையை ஆங்கில வாசகர் படிப்பார்.

சங்க அகப்பாடல்களைப் பெயர்த்தோர் இவ்விடரைப் பெரிதும் எதிர்கொண்டனர். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறாது என்பது தொல்காப்பிய மரபு. அத்தலைவிக்கு 'எ' இட்டால் யாரோ ஒருத்தி ஆவாள்; 'தி' இட்டால் நாடகப் பாத்திரம் ஆவாள். ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புத் தொகுப்பில், கூற்றுகளுக்கு 'அவள் சொன்னது', 'அவள் தோழி சொன்னது' என்னும் பொருள்பட ஆங்கிலத் தலைப்பிட்டார். பெயர் சொல்லவும் இல்லை. சிறுசொல் இடவும் இல்லை. சுட்டுப்பெயரே முற்பட வந்தது. செய்யுளுக்குத் தொல்காப்பியர் அளித்த உரிமை ஆங்கிலத்தில் அவ்வாறு பயன் தந்தது.

திரும்பி வரும் 'ஒரு'

ஆங்கிலம் கற்றதன் விளைவு தமிழுக்கும் திரும்புகிறது. "அவர் ஒரு மருத்துவர்", "இது ஒரு நல்ல நூல்", "கவிதை ஒரு கலை" என்று எழுதும் கை, 'எ' என்பதன் நிழலிலேயே எழுதுகிறது. அவர் மருத்துவர், இது நல்ல நூல், கவிதை கலை என்பனவே போதும். 'ஒரு' என்பதற்குத் தமிழில் தனிப்பணி உண்டு. கதைக்குள் புதியவரைக் கொணரவும், எண்ணை வலியுறுத்தவும், 'ஒரு நாள்' என்பது போல் காலத்தை விரிக்கவும் அது வரும். எல்லாப் பெயருக்கும் முன் வந்தால் அப்பணிக்கு வேண்டும்போது அது வலுவிழந்து நிற்கும். காகத்தை எந்தக் காகம் என்று கூறாமல் நிறுத்தும் தமிழின் உரிமை ஆங்கிலத்திற்கு இல்லாதது. அவ்வுரிமையை ஆங்கிலப் பழக்கத்தால் இழப்பது வீண் இழப்பு.

ஆகவே மொழிபெயர்க்க அமரும் கவிஞர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் ஒரு வினாவை நிறுத்துக: இதனைக் கேட்பவர் இன்னதென்று முன்பே அறிவாரா? அறிவார் எனின் 'தி'. அறியார் எனின் 'எ' அல்லது 'ஆன்'. எண்ணாப் பொருளும் பொதுமைப் பண்பும் எனின் ஒன்றும் வேண்டா. அறியாரை அறிந்தவராகக் கொண்டு உள்ளே அழைக்க விரும்பினால், அது கவிதைக்கு உள்ள உரிமை என்று தெரிந்தே 'தி' இடுக. மீண்டும் தமிழில் எழுத அமரும்போது, கையெழுத்துப் படியில் உள்ள 'ஒரு' அனைத்தையும் ஒருமுறை கோடிட்டுப் பார்த்து, நீக்கினாலும் குறையாதவற்றை நீக்குக. வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படும் கவிதைகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம் என்பது இவ்வுரையின் வேண்டுகோள்.